இரண்டு மைல் குப்பை

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏப்ரலிலும் பனி. பதினெட்டு வருடமாக இந்த இண்டியானாவில் குப்பை கொட்டுகிறேன், ஸ்வெட்டர்களை எப்போது பெட்டியில் போட்டு மூடுவது என்று இன்னும் தெரியவில்லை. இட்லி மாவு புளிக்காமல் அப்படியே கிடந்தது. ஓவனில் விளக்கைப் போட்டு உள்ளே வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

பள்ளி என்றால் எங்கள் தமிழ்ப் பள்ளி. ஞாயிறு மதியம் இரண்டு முதல் நான்கு வரை. ஹார்ட்வெல் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஐந்து அறைகள், நாற்பத்து மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியை நான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது காவலாளி ஓர் உறையைக் கொடுத்தார். கல்வி அலுவலகத்துக் கடிதம். அடுத்த ஆண்டும் அறைகள் வேண்டுமென்றால், எங்கள் அமைப்பு ஊருக்குச் சேவை செய்ததற்கான சான்றிதழை ஜூன் முதல் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம். போன அக்டோபருக்கான சான்றிதழே கோப்பில் இல்லையாம். இந்த முறையும் இல்லையென்றால் அறைகள் ஒரு கூடைப்பந்துக் குழுவுக்குப் போய்விடும். இந்த ஊரில் ஐந்து அறைகளை வேறு யார் கொடுப்பார்கள்? பள்ளி அத்தோடு சரி.

எங்கள் சேவை என்பது தொண்ணூற்றெட்டாம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மைல். இங்கே ஊர் அமைப்புகள் சாலையைத் தத்தெடுக்கலாம். நீலப் பலகையில் பெயர் போடுவார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை ஓரத்துக் குப்பையைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். ‘ஹார்ட்வெல் தமிழ்ச் சங்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை ஏழு வருடமாக நிற்கிறது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத தமிழர் இந்த ஊரில் இல்லை. அக்டோபரில் குப்பை பொறுக்கத்தான் ஒருவரும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மதிய இடைவேளையில் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஹோல்கம் என்பவர் பேசினார். மே முப்பத்தொன்றுக்குள் இரண்டு மைலையும் சுத்தம் செய்தால் சான்றிதழ் உண்டு. குறைந்தது ஆறு பெரியவர்கள் வேண்டும். எல்லோரும் அலுவலகம் கொடுத்த, எண் போட்ட ஆரஞ்சுச் சட்டைதான் போட்டிருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த இரண்டு எச்சரிக்கைப் பலகைகளையும் சாலையோரம் நிறுத்த வேண்டும். கடையில் வாங்கிய சட்டை செல்லாது.

“உங்கள் சங்கத்துக்குப் பன்னிரண்டு சட்டை ஏற்கெனவே கொடுத்திருக்கிறோமே” என்றார். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிது தருவாராம்.

பன்னிரண்டு சட்டைகளும் இரண்டு பலகைகளும் கோகிலவாணி வீட்டுக் கராஜில் இருக்கின்றன. வேறு வழி பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

வேறு வழி எதுவும் இல்லை.

கோகிலவாணி யார் என்று எனக்கு நானே எழுதிக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் எரிச்சலில் எழுதுகிறேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. என்னைவிட நான்கு வயது சின்னவள். பள்ளியில் நான்காம் நிலை வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். போன செப்டம்பரில் பருவத்தின் நடுவில் ஊருக்குப் போனாள், திரும்பி வந்தபின் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவளும் அவள் கணவர் பழனியப்பனும் விலகியதும் தீபாவளிக்குள் பாதிச் சங்கம் பின்னாலேயே போய்விட்டது. இப்போது ‘ஹார்ட்வெல் வட்டார முத்தமிழ் மன்றம்’ என்று ஒன்று இருக்கிறது. ஊரில் மொத்தம் அறுபத்து நான்கு தமிழ்க் குடும்பங்கள். அதற்கு ஒரு சங்கம், ஒரு மன்றம்.

சங்கம் ஏன் உடைந்தது என்று கேட்டால் எல்லோரும் தீபாவளி பேனரில் யார் படம் பெரிதாக இருந்தது என்ற சண்டையைச் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. நேற்று சாயங்காலம் சங்கம் ஒரு தேவாலய மண்டபத்தில் கொண்டாடியது. அதே நேரத்தில் தெருவுக்கு எதிர்ப்புறத்து நூலக மண்டபத்தில் மன்றம் கொண்டாடியது. இரண்டு இடத்திலும் மாங்காய்ப் பச்சடி, இரண்டு இடத்திலும் பாட்டுப் போட்டி. வண்டி நிறுத்தும் இடம் ஒன்றுதான் என்பதால் இறங்கும்போது எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து போனார்கள். பச்சை நிறப் புடவையில் அவள் எவர்சில்வர் தூக்கோடு நின்றாள். நான் டிக்கியில் எதையோ தேடினேன். டிக்கியில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 19, சனி

போதாததற்கு இன்னொரு தொல்லை. எங்கள் மாவட்டத்தின் வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘இங்கே வந்து சேர்ந்தவர்கள்’ என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். தமிழர்களுக்கும் ஒரு பலகை, நூற்றைம்பது சொல். அதைப் பார்த்துக்கொள்பவர் டேல். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், சனிக்கிழமைகளில் அருங்காட்சியகம். வரச் சொல்லியிருந்தார், போனேன்.

மேசையில் இரண்டு தாள்களை வைத்து என்னையே பார்த்தார். ஒன்று சங்கம் அனுப்பியது, ஒன்று மன்றம் அனுப்பியது. முதல் தமிழர் வந்த வருடம், முதல் பொங்கல் நடந்த இடம், எதிலும் ஒற்றுமை இல்லை. சங்கத்தின் தாளில் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர் செண்பகவல்லி, அதாவது நான், 2011. மன்றத்தின் தாளில் கோகிலவாணி, 2009.

“எனக்கு ஒரே பெயர் வேண்டும், ஒரே வருடம் வேண்டும். பள்ளியின் முதல் வருகைப் பதிவேடு இருக்கிறதா?” என்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து அவர் சிரித்தார். 1962இல் நெடுஞ்சாலை வந்தபோது சாலையின் இரண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிகளையும் ஒன்றாக இணைத்தார்களாம். பெயர் எந்த ஊருடையது என்பதில் இரண்டு ஊரும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் நாற்காலி பறந்ததாம். கடைசியில் சாலையின் எண்ணையே பள்ளிக்கு வைத்துவிட்டார்கள்: தொண்ணூற்றெட்டாம் சாலைப் பள்ளி. டேல் படித்ததே அங்கேதான். அவர் அம்மா சாகும்வரை எதிர் ஊர்க்காரர்களின் மளிகைக் கடைக்குள் கால் வைக்கவில்லையாம்.

அமெரிக்கர்களும் இப்படித்தானா என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீடு வரும்வரை இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சங்கத் தலைவர் மருதப்பனைக் கூப்பிட்டேன். மதுரைக்காரர், பேச்சுக்குக் குறைவில்லை.

“அக்கா, பள்ளிக்கூடம் போயிருமா? விட்ருவோமா நாம? உசுரக் குடுத்துக் காப்பாத்துவோம்க்கா.”

“உயிரெல்லாம் வேண்டாம். அவங்க வீட்டுக்குப் போய் அந்தச் சட்டைகள வாங்கிட்டு வாங்க.”

“அதெப்படிக்கா? தலைவரு நானே போயி அவுக வாசல்ல நின்னா சங்கத்தோட மரியாதை என்னாகுறது?”

மன்றத் தலைவர் சுதந்திரபாலனைக் கூப்பிட்டேன். அவர் எப்போதும் மிக நிதானமாகப் பேசுவார், அதுவே ரத்தக் கொதிப்பை ஏற்றும்.

“மேடம், பலகையில யார் பேர் இருக்கு? உங்க பேர். அப்போ குப்பையும் உங்க குப்பைதானே?”

“உங்க பொண்ணும் இந்தப் பள்ளியிலதானே சார் படிக்குது?”

“படிக்கிறா மேடம். நல்லாப் படிக்கிறா. அதுல எங்களுக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்ல.”

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நிலைமையை விளக்கி, யார் யார் வருவீர்கள் என்று கேட்டேன். நாற்பத்தொரு கட்டைவிரல் வந்தது. ஆறு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மலர்க்கொத்து அனுப்பினார். எந்த ஞாயிறு என்று கேட்டதும் குழு அப்படியே அடங்கிவிட்டது. ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு விருந்தாளி, ஒருவருக்கு மகரந்த ஒவ்வாமை. கட்டைவிரல்களை வைத்துக் குப்பை பொறுக்க முடியுமானால் நெடுஞ்சாலை இந்நேரம் பளபளத்திருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

பாத்திரம் கழுவும் இயந்திரம் நின்றுவிட்டது. இவர் அடியில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டே சொன்னார்:

“ஏட்டி, அவகிட்ட ஒரு போனப் போட்டா சோலி முடிஞ்சுது. இதுக்குப் போயி ஏன் கெடந்து மறுகுத?”

என் கணவர் நெல்லையப்பனுக்கு உலகத்தில் எல்லாமே ஒரு போனில் முடிகிற சோலி. “ரெண்டு பேரும் தெனமும் ஒரு மணி நேரம் பேசுவியளே. எனக்கே இந்த வீடு என்னவோ மாதிரி இருக்கு” என்றார். பாத்திரங்களைக் கையால் கழுவினேன்.

மே 3, சனி

இவரே போய்விட்டார். மளிகைக்கு என்று சொல்லிவிட்டு நேராகக் கோகிலவாணி வீட்டுக்குப் போயிருக்கிறார். காபி, முறுக்கு, முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது கையில் சட்டை இல்லை.

“என்ன சொன்னா?”

“சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருக்கா. பாத்தேன்.”

“அப்போ ஏன் வாங்கிட்டு வரல?”

அவள் சொன்னதை இவர் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். “அண்ணா, பள்ளிக்கூடத்துக்கு நான் குறுக்க நிக்கலீங்க. அவங்கள ஒரு மெயில் போடச் சொல்லுங்க. அன்னிக்கு எந்த லிஸ்டுக்குப் போட்டாங்களோ, அதே லிஸ்டுக்கு. ரிப்ளை ஆல். மெயில் வந்த அன்னிக்குச் சட்டை வந்துருமுங்க.”

மிரட்டல். நாற்பத்து மூன்று பிள்ளைகளைப் பணயம் வைத்து மிரட்டல். இதைத்தான் இவரிடம் சொன்னேன். இவர் கீரையை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

மே 4, ஞாயிறு

அந்த மெயிலில் அப்படி என்ன இருந்தது? இரண்டே வாக்கியம். “இந்த வாரம் முதல் நான்காம் நிலை வகுப்பைத் திருமதி மணிமொழி ஏற்றுக்கொள்வார். திருமதி கோகிலவாணியின் இதுநாள் வரையிலான பங்களிப்புக்கு நன்றி.” அறுபத்து நான்கு குடும்பத்துக்கும் அனுப்பினேன், அவளுக்கும் சேர்த்துத்தான். ஒரு கெட்ட வார்த்தை உண்டா? நன்றி என்றுகூட எழுதியிருக்கிறேன்.

முதலில் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று அப்போது இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவள் ஊரில் இருந்தாள், எப்படிச் சொல்வது? பதினோரு பிள்ளைகள் ஆசிரியை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு என்ன நடந்தாலும் வகுப்பு நடந்தாக வேண்டும். தலைமையாசிரியை என்றால் சிலதைச் செய்துதான் ஆக வேண்டும்.

இன்று நான்காம் நிலையில் ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள்.

மே 7, புதன்

பழைய மெயிலைத் திறந்து தேதி பார்த்தேன். செப்டம்பர் 9. அவள் அப்பா இறந்தது செப்டம்பர் 6.

ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்ய வேண்டும். மூன்று டப்பாவில் மூன்று வாரத்து ரசம்.

மே 10, சனி

டேல் மறுபடி போன் செய்தார். கண்காட்சிப் பலகை மே முப்பதில் அச்சுக்குப் போகிறது, பெயர் வேண்டும்.

மாடி அலமாரியில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. முதல் நோட்டை எடுத்தேன். கோடு போட்ட சாதாரண நோட்டு. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து: ‘17 அக்டோபர் 2009, சனி, எங்கள் வீட்டுக் கீழ்த்தளம்.’ கீழே நான்கு பெயர்கள். இரண்டாவது பெயர் கோமதி, என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கோகிலாவுக்குக் குழந்தையே இல்லை. அவள் யாருக்காகத் தொடங்கினாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

2011இல் அறைகளைக் கேட்டு வாங்கியவள் நான்தான். ஊர்ப் பள்ளி எனக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. அதைப் படம் எடுத்து டேலுக்கு அனுப்பினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். கோமதி கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தது போன்ற தமிழ், ஆனால் தமிழ்தான். “அம்மா, கோகிலா ஆன்ட்டிக்கும் விஷ் பண்ணினேன், அவங்கதானே எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். சரி, நல்லது என்றேன்.

போன வருடம் மே மாதம் ஆண்டு விழாவுக்கு ஒரு பேராசிரியர் தலைமை விருந்தினராக வந்தார். மேடையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்து, இந்தப் பள்ளியை ஆரம்பித்தவர் யார் தெரியுமா என்று கேட்டார். நான் மேடையில் அவர் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தேன். மொத்த அரங்கமும் “கோகிலா டீச்சர்” என்று கத்தியது. அவள் சமையற்கட்டில் காகிதத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவந்து பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடை. அன்றைக்கு நானும் கைதட்டினேன். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வகுப்பு மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மே 13, செவ்வாய்

ஒரு மெயில் எழுத இரண்டு மணி நேரம். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம் வந்தது, அதில் ஒரு பக்கம் பள்ளி நிர்வாகத்தின் சிரமங்கள். இரண்டாவது வரைவில் ‘சூழ்நிலை காரணமாக’ என்று நான்கு இடத்தில் இருந்தது. மூன்றாவதைப் படித்தபோது அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஹோல்கம் போன் செய்தார். மே பதினெட்டு ஞாயிறு மட்டும்தான் அவருடைய வண்டி பைகளை எடுக்க வர முடியுமாம். அடுத்த வாரம் நீண்ட விடுமுறை.

மே 15, வியாழன்

வேறு வழியில்லாமல் அனுப்பினேன். இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

“அனைவருக்கும் வணக்கம். கடந்த செப்டம்பர் 9 அன்று திருமதி கோகிலவாணி அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவருடைய வகுப்பை மாற்றி உங்கள் அனைவருக்கும் அறிவித்தேன். அப்போது அவர் தந்தையை இழந்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். செண்பகவல்லி.”

இவர் வேலையிலிருந்து வந்து போனில் படித்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

“தெரியாதுன்னு போட்டிருக்க?”

“ம்.”

“நான்தானட்டி அவள அன்னைக்கு ஏர்போர்ட்டுல கொண்டு விட்டேன்.”

“கை கழுவிட்டு வாங்க. தோசை ஆறுது.”

நான்கு தோசை சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்துவிட்டார்.

மே 16, வெள்ளி

காலையில் பதில் வந்திருந்தது, எல்லோருக்கும். “ஞாயிறு காலை ஏழரை. மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க் அருகில். கையுறை அவரவர் கொண்டு வரவும். கோகிலவாணி.”

அவ்வளவுதான். அறுபத்து நான்கு குடும்பமும் படித்திருக்கும்.

மே 18, ஞாயிறு

முழங்கால் விண்விண் என்று வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஏழரைக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். முதுகுவலிக்காரர், ஒவ்வாமைக்காரர், விருந்தாளியையே கூட்டி வந்தவர், எல்லோரும். மருதப்பன் தொப்பி போட்டு வந்தார், சுதந்திரபாலன் கேமரா கொண்டு வந்தார். குப்பை பொறுக்க வராத கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் பைக்குள் போட்டுக் கட்டியிருப்பேன்.

கோகிலாவின் வேன் வந்தது. பழனியப்பன் பலகைகளை இறக்கி ஓரத்தில் நிறுத்தினார். அவள் சட்டைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தாள். பன்னிரண்டு பேர்தான் இறங்கலாம், மற்றவர்கள் பங்கிலேயே காபியோடு நின்றார்கள். ஹோல்கமின் ஆள் பெயர்களை எழுதிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போங்கள் என்றார். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்வதற்குள் பத்துப் பேர் ஐந்து ஜோடியாகிவிட்டார்கள். இவர்கூட மருதப்பனோடு போய் நின்றுகொண்டார். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

முக்கால் மைல் பேச்சே இல்லை. பீர் டப்பா, பர்கர் காகிதம், ஒற்றை ஷூ, ஒரு குழந்தையின் கார் இருக்கை. இந்தச் சனங்கள் காரில் போகும்போது சாப்பிடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை போலிருக்கிறது. சரிவில் ஒரு மான் செத்துக் கிடந்தது. நான் கிட்டே போனேன்.

“அதத் தொடாதீங்க, மேடம்” என்றாள்.

பதினைந்து வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்டவள். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு மைலுக்கு மேல் கிடந்தது. அவள் கோபித்துக்கொண்டு சட்டைகளை வாங்கி வேனில் போட்டுக்கொண்டு போனால் பள்ளி போயிற்று. வாயை மூடிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டேன்.

“கோகிலா, உங்கப்பா விசயம் எனக்குத் தெரியும். அந்த மெயில அனுப்புதப்பவே தெரியும்.”

அவள் ஒரு டப்பாவை இடுக்கியால் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“ஏர்போர்ட் போற வழியில அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணுனாரு. கார் ஸ்பீக்கர்ல. நான் பின்னாடி சீட்லதான் உக்காந்திருந்தேன். ‘ஐயோ பாவம், நல்ல மனுசன்’னீங்க. அப்பறம், ‘எப்ப திரும்புவாளாம், நாலாம் கிளாஸ் என்னாகுறது’ன்னு கேட்டீங்க.”

ஒரு பெரிய டிரக் போனது. காற்றில் இரண்டு பேர் பையும் ஊதிக்கொண்டு எழும்பியது.

“உங்க மெயில் வந்த அன்னிக்குக் காலைலதான் அப்பாவுக்குப் பால் ஊத்திட்டு வந்து உக்காந்தேன். போன்ல டிங்னு ஒரு சத்தம். இங்கிருந்து ஆறுதலா ஆரோ எழுதியிருக்காங்கன்னு நெனச்சுத்தான் தெறந்தேன்.”

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதால் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அது இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன்.

“ஏன் பண்ணுனீங்கன்னு நான் கேக்கமாட்டேன். அதுவும் தெரியும்” என்றாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். “ஆனா வியாழக்கெழம மெயில்ல தெரியாதுன்னுதானுங்க இருந்துச்சு.”

“ஆமா.”

“அப்ப இன்னொரு மெயில் போடுங்க.”

அதற்குப் பிறகு அவள் பேசியது ஒன்றுதான். “இந்த டயரப் புடிங்க, ஒருத்தியாத் தூக்க முடியாது.” லாரி டயர். உள்ளே மழைத்தண்ணீர், அத்தனையும் பட்டுப்புடவை மாதிரி நான் போற்றி வைத்திருக்கும் ஒரே நல்ல ஷூவில் கொட்டியது. தூக்கிக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தோம். இரண்டு மைலையும் முடித்தோம். மொத்தம் ஐம்பத்தேழு பை.

மே 20, செவ்வாய்

சான்றிதழ் வந்துவிட்டது. மதியமே கல்வி அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து அறைகளும் அடுத்த வருடத்துக்கு எங்களுக்கே என்று அங்கிருந்த பெண் முத்திரை குத்திக் கொடுத்தாள். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐம்பத்திரண்டு கட்டைவிரல்.

எல்லாம் முடிந்தது. இனி யாரும் எனக்கு எதையும் செய்து தர வேண்டியதில்லை.

மே 22, வியாழன்

இன்னொரு மெயில் என்றால் என்ன அர்த்தம்? ஒரு தடவை ஊர் முன்னால் தலை குனிந்தாயிற்று. திரும்பவும் குனிந்து, அன்றைக்குக் குனிந்தது பொய்க் குனிதல் என்று வேறு சொல்ல வேண்டுமா? மணிமொழி என்ன நினைப்பாள்? புதிதாகச் சேர்ந்த பெற்றோர் என்ன நினைப்பார்கள்? அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். போதாதா?

பாத்திர இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. இந்த வீட்டில் எதுவுமே ஒரு தடவையில் சரியாவதில்லை.

மே 23, வெள்ளி

அவள் கூப்பிடவில்லை. கேட்கவும் இல்லை.

மே 24, சனி

காலையில் மாடி அலமாரியிலிருந்து அந்த முதல் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைப் படம் பிடித்து டேலுக்கு அனுப்பினேன். பெயர் கோகிலவாணி, வருடம் 2009, நான் முன்பு அனுப்பியதை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். “நன்றி. அச்சுக்கு ஆறு நாள் இருக்கிறது, நல்லவேளை” என்று பதில் போட்டார். பிறகு மேசையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வரைவு எதுவும் எழுதவில்லை.

“அனைவருக்கும்,

மே 15 அன்று நான் அனுப்பிய மெயிலில் ஒரு பொய் இருக்கிறது. கோகிலாவின் அப்பா இறந்தது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அவளை வகுப்பிலிருந்து எடுத்தேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் அவள் பெயரைச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் சொன்னது சரி. இந்தப் பள்ளியை 2009இல் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் தொடங்கியவள் அவள். முதல் நாள் வந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி என் மகள்.

செண்பகவல்லி”

இவரிடம் காட்டவில்லை. அறுபத்து நான்கு குடும்பத்துக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.